தர்பார் பத்தி தேடப் போய் பஞ்சத்துல நின்ன கதை

எம்.ஏ. ஹிஸ்டரி டிசர்டேஷனுக்கு 1877 டெல்லி தர்பாரை, அதாவது விக்டோரியா ராணியை இந்தியாவோட பேரரசின்னு அறிவிச்ச விழாவை, எப்படி ஏற்பாடு பண்ணாங்கன்னு டாபிக் எடுத்தேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு காலேஜ் லெட்டர், ஐடி, அப்ளிகேஷன்னு கொடுத்து உள்ள போனதெல்லாம் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. கஷ்டம் அதுக்கப்புறம்தான். இன்டெக்ஸ்ல 'தர்பார்'னே தேடிக்கிட்டு ரெண்டு நாள் போச்சு, அங்க அடிக்கடி வர்ற ஒரு பெரியவர்தான் "தம்பி, வார்த்தையைத் தேடாதீங்க, வருஷத்தையும் டிபார்ட்மென்ட்டையும் பிடிங்க"ன்னு வழி காட்டினார்.

அப்புறம்தான் ரெண்டு பக்கமும் கண்ணுல பட்டுச்சு. டெல்லியில ஜனவரி 1, விக்டோரியா ராணிக்கு கைசர்-இ-ஹிந்த் பட்டம், வைஸ்ராய் லிட்டன் நடத்துறார். எந்த ராஜாவுக்கு எத்தனை குண்டு மரியாதை, யாருக்கு எங்க சீட்டு, ஒவ்வொரு சமஸ்தானத்துக்கும் தனிச் சின்னம் வரைஞ்சு பட்டுக்கொடி, தங்க மெடல்னு அவ்வளவு நுணுக்கமா பிளான் பண்ணியிருக்காங்க. அதே மாசங்களுக்கு இங்க ரெவின்யூ பக்கம் புரட்டினா பஞ்சம், பஞ்சம், பஞ்சம்தான். எங்க அப்பாயி அவங்க பாட்டி சொன்னதா சொல்ற அதே தாது வருஷப் பஞ்சம். மெட்ராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவும் அந்த நேரத்துல தர்பாருக்காக டெல்லி போயிருக்கார். தர்பார் முடிஞ்ச அதே ஜனவரியில லிட்டன் அனுப்பின ரிச்சர்ட் டெம்பிள்ங்கிற அதிகாரி வந்து, நிவாரண வேலை செய்ற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணான்னு கூலியைக் குறைச்சார். ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோகூட வராது, நாள் பூரா மண்ணு சுமக்கிற ஆளுக்கு. அதைப் படிச்சிட்டு அன்னைக்கு மேல படிக்க முடியல, பேப்பர் கட்டை மூடி வச்சிட்டு வெளிய வந்துட்டேன்.

தர்பாரையும் பஞ்சத்தையும் சேர்த்து எழுதுற மாதிரி டாபிக்கை மாத்தணும்னு கைடுகிட்ட கேட்டேன். ரொம்பப் பெருசாகிடும்னு தயங்கினார், ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டினதும் சம்மதிச்சார். இந்த டாபிக் எடுக்கிறவங்க டெல்லி பேப்பரை மட்டும் படிக்காதீங்க, அதே வாரத்துல உங்க மாவட்டத்துல என்ன நடந்துச்சுன்னும் எடுத்துப் பாருங்க.

அடையாறையும் கூவத்தையும் சேர்க்கிற கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்ச நிவாரண வேலையில வெட்டினது. அந்தக் கால்வாய் முழுசுக்கும் அந்த கவர்னர் பக்கிங்ஹாம் பேருதான். நான் வேளச்சேரியிலருந்து பறக்கும் ரயில்ல தினமும் அதோட ஓரமாத்தான் வந்துக்கிட்டிருந்தேன்.