கழிவுப் பீப்பாய்க்குப் போன பெற்றோல்

மிச்சிகனில் நான் வேலைக்குச் சேர்ந்த எஞ்சின் ஆய்வுகூடத்தில், பரிசோதனை முடிந்ததும் குடுவையில் மிஞ்சியிருந்த பெற்றோலை ஒருவர் எடுத்துக் கழிவுப் பீப்பாய்க்குள் ஊற்றினார். ஒரு லீற்றருக்குக் குறையாது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதுதான். வெளியே எடுத்த பெற்றோலில் இலகுவாக ஆவியாகிற பகுதி முதலில் போய்விடும், மிச்சத்தை வைத்து அளந்தால் கணக்குப் பிழைக்கும். எல்லாம் விளங்கியது, மனந்தான் கேட்கவில்லை.

இலங்கையின் வடக்கில் 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2002இல் சமாதானம் வரும்வரை வன்னியில் பெற்றோலைத் துளித் துளியாகத்தான் பார்த்தோம். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. காபிரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் காட்டி, உதைத்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு விட வேண்டும். வழியில் நின்றுபோனால் ஆறவிடாமல் கெதியாக மறுபடி உதைக்க வேண்டும். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட இறங்குகிறவர்கள்கூட எஞ்சினை நிறுத்த மாட்டார்கள்.

மல்லாவியில் என் மாமா கராச் வைத்திருந்தார். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக்கைச் சுடச்சுடக் கழற்றி, பழைய சாரத்துண்டால் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கரி அப்பியிருந்தால் எண்ணெய் கூட, வெளிறியிருந்தால் காற்றுக் கூட. ஓடும்போது உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டால், மண்ணெண்ணெய் பொறிக்குக் காத்திராமல் தானாகப் பற்றுகிறது என்பார். சிலிண்டர் மூடிக்குக் கீழே இருக்கும் கஸ்கட்டைத் தடிப்பாக்கி, உள்ளே கலவை நெரிபடும் அளவை, அதாவது கொம்பிரசனைக் குறைத்துவிட்டு மறுபடி காது கொடுப்பார்.

எங்கள் பேராசிரியர் தன் வாழ்நாளைக் கொடுத்ததும் இதே கேள்விக்குத்தான்: மூடிய சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது? ஸ்டான்ஃபோர்டில் ரொனால்ட் ஹான்சனும் கூட இருந்தவர்களும் 1977இல் டயோட் லேசரைச் சுவாலைக்குள் செலுத்திக் காபனோரொட்சைட்டை அளந்து காட்டினார்கள். அந்த வழியில் வந்தவர் இவர். எரிபொருள் எரிந்தால் நீராவி உண்டாகும். 1.4 மைக்ரோமீற்றர் பக்கத்து அகச்சிவப்பு ஒளியை அது விழுங்கும். இரண்டு அலைநீளங்களில் எவ்வளவு விழுங்கியது என்று ஒப்பிட்டால் உள்ளே எத்தனை பாகை சூடு என்று தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் சுழல்தண்டு ஒரு பாகை திரும்ப ஒரு செக்கனில் 18,000இல் ஒரு பங்குதான் எடுக்கும். லேசர் அதற்குள் அளந்து முடிக்க வேண்டும். ஒளி போய்வர நீலக்கல்லில் சின்ன யன்னல் வைத்திருக்கிறார்கள், ஆய்வுகூடத்தில் வளர்த்த கல். அந்த யன்னலில் கரி படியாமல் காப்பதுதான் பேராசிரியரின் தீராத சண்டை. இதை முதலில் கேட்டபோது எனக்கு மாமாவின் பிளக்தான் கண்ணுக்குள் வந்தது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. பனி வழிக்கிறேன், இடியப்பத்துக்குச் சம்பல் இங்கேயே இடிக்கிறேன், யாராவது கேட்டால் நல்லாயிருக்கிறேன் என்கிறேன். ஆனால் பெற்றோல் நிலையத்தில் குழாயை வைத்துக்கொண்டு நிற்கும்போது, கடைசிச் சொட்டும் தாங்கிக்குள் விழும்வரை உதறாமல் என் கை வராது. அந்த மணத்தோடு மாங்குளச் சந்தியின் புழுதியும் வந்துவிடும், பின்னால் காத்திருக்கிறவர் ஹோர்ன் அடிக்கும்வரை.

மாமாவுக்குத் தொலைபேசியில் லேசர் விஷயத்தைச் சொன்னேன்.

“தண்ணியைப் பாத்தோ சூட்டைச் சொல்லுறியள்? விடியக்காலமை சைலன்சரால தண்ணி சொட்டேக்க நான் அப்பவே சொன்னனான்தானே, உது எரிஞ்சு வாற தண்ணி எண்டு.”

“ஓம் மாமா, சொன்னனியள்.”

அவருக்கு ஒரு நல்ல ஆய்வுகூடம் வாய்த்திருக்க வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பெற்றோல் எஞ்சின் மாதிரிச் சின்ன எஞ்சின்களை மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓட்ட அமெரிக்க இராணுவம் ஆய்வுக்குக் காசு கொடுக்கிறது, ஒரே எரிபொருளைச் சுமந்தால் போதும் என்பதற்காக. குளிரில் பற்றாது, தட்டும், எரியாத எண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலக்கும் என்று கட்டுரை கட்டுரையாக எழுதுகிறார்கள். மல்லாவியில் அந்தச் சிக்கலெல்லாம் தடைக் காலத்திலேயே கைக்குப் பழகியிருந்தது, எழுதிவைக்கக் கொப்பிதான் இல்லை.

பேராசிரியரிடம் மாமாவின் கதையைச் சொன்னேன். கஸ்கட் விவரத்தை இரண்டாம் தடவையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மண்ணெண்ணெயில் ஒரு தொடர் பரிசோதனை செய்யலாம் என்றார். மாமாவிடம் அதைச் சொன்னதும், வேறெதுவும் பேசாமல், “எத்தினை சி.சி. எஞ்சின்?” என்று கேட்டார்.