பழகின மூன்று நாளுக்கும் சம்பளம் வாங்கியது

சென்ற கிழமை காசோலை கைக்கு வந்தது. கனடாவின் ஸ்காபரோவிலுள்ள ஓர் உணவகத்தின் சமையலறையில் 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 2025 மே மாதம் வரை நின்று உழைத்ததற்கு, கேட்டுக் கேட்டும் கிடைக்காமல் போன சம்பளம் அது. ஒன்ராறியோ தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு அனுப்பும் இணையப் படிவத்துக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அது ஒரே மாலையில் முடிந்துவிட்டது. அலைக்கழித்தவை வேறு.

முதலில் ஒரு நாள் வீணாயிற்று. கடதாசிகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு அருகிலிருந்த அரச சேவை நிலையமொன்றுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது, இங்கே சாரதி அனுமதிப்பத்திரமும் சுகாதார அட்டையும்தான் பார்ப்போம் என்று, நிமிர்ந்தும் பார்க்காமல் சொல்லிவிட்டார் அங்கிருந்தவர். எங்கே போவது என்று கேட்டதற்கும் பதில் இல்லை. சம்பள முறைப்பாட்டுக்கு எந்த நிலையத்துக்கும் போகத் தேவையில்லை. அமைச்சின் தகவல் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்டேன், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்துத் தந்தார்கள்.

இரண்டாவது பிழை என்னுடையது. முதலாளியின் பெயர் என்ற இடத்தில், கடை வாசலில் எழுதியிருந்த பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். சில வாரங்களுக்குப் பிறகு அதிகாரி அழைத்து, அந்தப் பெயரில் நிறுவனம் எதுவும் பதிவில் இல்லை என்றார். பழைய சம்பளத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தால், மேல் மூலையில் மிகச் சிறிய எழுத்தில் ஓர் இலக்கமும் அதன் பின்னே 'ஒன்ராறியோ இன்க்.' என்றும் இருந்தது. அந்த இலக்கம்தான் சட்டப்படி எனக்கு வேலை தந்த நிறுவனம். மாகாணத்தின் வணிகப் பதிவேட்டில் அதை இலவசமாகத் தேடிச் சரிபார்க்கலாம். இதை முதல் நாளே செய்திருந்தால் அந்த வாரங்கள் மிஞ்சியிருக்கும்.

இனி மணிக்கணக்கு. கிழமைக்கு 52 மணி நேரம் வேலை செய்தேன். எல்லா மணிக்கும் அப்போதைய குறைந்தபட்ச ஊதியமான 17.20 டொலரே தந்தார்கள். 44 மணி நேரத்துக்கு மேற்பட்டதற்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது சட்டம். அந்த எட்டு மணி நேரத்தில் மட்டும் கிழமைக்கு 68.80 டொலர் எனக்கு வராமல் போயிருக்கிறது. அதோடு கடைசி இரண்டு கிழமைச் சம்பளமும், 4 சதவீத விடுமுறைப் பணமும் நிலுவை. தமிழ்க் கடையொன்றில் கொடுத்த நாட்காட்டி எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் தொங்கும். அதன் ஒவ்வொரு கட்டத்திலும் நான் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் மனைவி பென்சிலால் குறித்து வைத்திருந்தார். கைக்குழந்தையின் பால் நேரங்களும் அதே கட்டங்களில் இருந்தன. அந்தப் பக்கங்களை அப்படியே படம் பிடித்து அனுப்பினேன்.

ஆனால் தொடக்கத்தில் நான் வேலை பழகின டிசம்பர் 27, 28, 29 ஆகிய மூன்று நாளும் பழைய நாட்காட்டியில் இருந்தன. அதைப் புத்தாண்டன்று குப்பையில் போட்டுவிட்டோம். அந்த மூன்று நாளைக்கும் சம்பளம் தராமல், "தம்பி, பழகின நாளுக்கும் காசு கேட்பியோ? நாங்கள் ஒரு ஊர்க்காரர் அல்லோ?" என்று முதலாளி கேட்டது இன்றும் மனதில் தைத்துக்கொண்டிருக்கிறது. நாளுக்கு ஆறு மணி நேரமாகப் பதினெட்டு மணி நேரம், 309.60 டொலர். அன்று அந்தப் பணத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கிழமைச் சாமான் வாங்கியிருக்கலாம்.

நான் விருப்பத்துடன் பழக வந்ததாக என்னிடம் கையெழுத்து வாங்கிய தாளை முதலாளி அதிகாரிக்கு அனுப்பினார். கூடவே, எல்லாக் கிழமையும் 40 மணி நேரம் என்று ஒரே பேனாவால் எழுதிய பதிவேடும் போனது. அந்தத் தாளைப் பற்றிக் கேள்விப்பட்ட இரவு எனக்குத் தூக்கமில்லை. ஆனால் சட்டம் தரும் உரிமை வேண்டாம் என்று சேரும்போது எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது என்று அதிகாரி விளக்கினார். 2024 மார்ச் 21 முதல், பரீட்சார்த்தமாக வேலை வாங்கும் நாள்களுக்கும் ஊதியம் உண்டு என்பதைச் சட்டத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த நாள்களில் நான் அங்கே நின்றேன் என்று காட்டுவதுதான் மீதம்.

அதைக் காட்டியது என் பிரெஸ்டோ பயண அட்டை. கணக்கில் நுழைந்து பயண விவரத்தை இறக்கிப் பார்த்தபோது, மூன்று நாளும் பேருந்தில் அட்டையைத் தட்டிய நேரங்கள் வரிசையாக இருந்தன. 'நாளைக்கும் பத்துக்கு வாரும்' என்று மேற்பார்வையாளர் வாட்சப்பில் அனுப்பியிருந்த செய்தியும் அழியாமல் கிடந்தது. இரண்டையும் அனுப்பிய பிறகு மணிக்கணக்கு பற்றிய தர்க்கம் நின்றது. வேலையை விட்டவுடன் தொலைபேசியைத் துடைத்துச் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

இடையில் ஆயிரம் டொலர் ரொக்கமாகத் தருவதாகவும் முறைப்பாட்டை மீளப் பெறும்படியும் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அதிகாரிக்குத் தெரிவிக்காமல் எதற்கும் உடன்பட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

காசோலையில் அந்த 309.60 டொலரும் சேர்ந்திருந்தது. என்னோடு பாத்திரம் கழுவிய அண்ணை ஒருவருக்கு இதைவிடப் பெரிய தொகை நிலுவை; ஆனால் சம்பளம் தர வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும் என்ற கெடு அவருக்கு முடிந்துவிட்டது. வெட்டு மேசையில் நின்ற இன்னொருவருக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் தன் சம்பளத் துண்டுகளோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார்.