பெர்லினில் பழைய கிழக்கு விற்பனைக்கு

பெர்லினுக்குப் போகிற எல்லாரும் முதலில் ஓடுவது, சுவர் இருந்த காலத்தில் கிழக்கு, மேற்கு பெர்லின்களுக்கு நடுவே சோதனைச் சாவடியாக இருந்த செக்பாயிண்ட் சார்லிக்குத்தான். நானும் ஓடினேன், பெரிதாக ஒன்றும் இல்லை. 1961 அக்டோபரில் அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் நேருக்கு நேர் நின்ற தெரு அது, ஆனால் இப்போது நிற்கும் காவல் சாவடி வெறும் நகல். ராணுவ உடையில் காசு வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றவர்களை 2019-இல் தடை செய்துவிட்டார்கள். நல்லதுதான்.

நேரமிருந்தால் ஸ்ப்ரே ஆற்றங்கரையில் இருக்கும் டிடிஆர் மியூசியத்துக்குப் போங்கள் (டிடிஆர் என்றால் பழைய கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி). அந்த நாட்டில் செய்த டிராபன்ட் காரில் உட்கார்ந்து பார்க்கலாம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின், பருத்திக் கழிவையும் பிசினையும் அழுத்திச் செய்த பாடி, அதற்கே பதிந்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது (பஜாஜ் ஸ்கூட்டருக்குக் காத்திருந்த நம்மூர் அப்பாக்களுக்குப் புரியும்). அதனால் அன்றைக்கு அங்கே உடனே கைக்கு வரும் பழைய காருக்குப் புதியதைவிட விலை அதிகமாக இருந்தது! சந்தையை ஒழித்துவிட்டதாகச் சொன்ன நாட்டில் இது.

பாட்டு விஷயத்திலும் இதே கூத்து. 1988 ஜூலையில் இளைஞர்களைச் சமாதானப்படுத்த, கிழக்கு ஜெர்மனியின் கட்சி இளைஞர் அமைப்பே அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனை கிழக்கு பெர்லினின் வைசன்சேயில் பாட அழைத்தது, கூடவே அதை நிகராகுவா ஆதரவுக் கச்சேரி என்று விளம்பரமும் செய்து அவரைக் கடுப்பேற்றியது. லட்சத்துக்கு மேல் கூட்டம். இந்தத் தடைகள் எல்லாம் ஒருநாள் தகர்க்கப்படும் என்று நம்புவதாக அவர் மேடையிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

பெர்லின் சுவர் விழுந்தது எல்லாருக்கும் தெரியும், எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1990 ஜூலை 1. அன்று மேற்கு ஜெர்மனியின் மார்க் கிழக்கிலும் நாணயமானது, சம்பளம் ஒரு கிழக்கு மார்க்குக்கு ஒரு மேற்கு மார்க் என்று மாறியது. மக்களுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் தொழிற்சாலைகள் ஒரே இரவில் வலுவான நாணயத்தில் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று, அவர்களிடம் வாங்கிக்கொண்டிருந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளிடம் அந்தப் பணம் இல்லை, உள்ளூர்க்காரர்களோ மேற்கத்தியச் சரக்கைத்தான் தேடினார்கள். அரசு ஆலைகளை விற்கவும் மூடவும் டிராய்ஹான்ட் என்ற நிறுவனம் இருந்தது. லட்சக்கணக்கில் வேலை போனது. டிராபன்ட்டும் 1991-இல் நின்றது.

தப்பித்தது எது என்று பார்த்தால், பெரும்பாலும் பொம்மையாக்கி விற்க முடிந்தவைதான். 1961-இல் கார்ல் பெக்லாவ் வடிவமைத்த, கிழக்கின் பாதசாரி சிக்னலில் ஒளிரும் தொப்பிக்கார மனிதனைக் கழற்ற ஆரம்பித்தபோது ஜனங்கள் எதிர்த்தார்கள். இன்று அவன் மேற்கு பெர்லின் சிக்னலிலும் நிற்கிறான், கோப்பையிலும் டீ ஷர்ட்டிலும் விற்கிறான். ஆலை போய்ச் சின்னம் மட்டும் மிஞ்சியதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

சரி, ஒரு விதிவிலக்கும் உண்டு. ரோட்கெப்ஷன் என்ற கிழக்கின் ஸ்பார்க்லிங் ஒயின், 1990-க்குப் பிறகு வாங்க ஆளில்லாமல் படுத்துவிட்டது. 1993-இல் அதன் நிர்வாகிகளே வேறு சிலரோடு சேர்ந்து அதை வாங்கி நடத்தினார்கள், 2002-இல் மேற்கின் மும் என்ற ஸ்பார்க்லிங் ஒயின் பிராண்டையே வாங்கிவிட்டார்கள். இரவு ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்தேன், கொஞ்சம் இனிப்பு தூக்கல்.