மிளகுத்தண்ணியும் எதிர்வீட்டு மாவ்ஷியும்

போன வாரம் பையனுக்கு சளி புடிச்சு தொண்டை கட்டிக்கிச்சு, பம்பாய் செம்பூர்ல மழை வேற நாலு நாளா விடாம ஊத்துது, சரின்னு மிளகு சீரகம் பூண்டு கூட ரெண்டு திப்பிலியும் சேத்து இடிச்சு ரசம் வச்சேன். வாசனை எதிர்வீடு வரைக்கும் போயிருச்சு போல, மாவ்ஷி (மராத்தியில சித்தின்னு அர்த்தம், எதிர்வீட்டம்மாவ அப்படித்தான் கூப்பிடுவேன்) வந்து என்ன கொதிக்குதுன்னு கேட்டாங்க. ரசம்னு சொல்லிருந்தா அவங்களுக்கே தெரியும், இங்க மாட்டுங்கா பக்கம் எத்தனையோ தடவ சாப்ட்ருக்காங்க. ஆனா என் வாயில எங்க ஆச்சி சொல்ற மாதிரி "மிளகுத்தண்ணி"ன்னு வந்துருச்சு. பின்னாடி நின்ன அவங்க பையன் ஒரு ஓட்டல் கிச்சன்ல வேலை பாக்குறவன், "ஆன்ட்டி, முல்லிகாடானியா? எங்க மெனுவுல அந்த சூப் இருக்கே"ன்னான்.

அதுல என்ன போடுவீங்கன்னு கேட்டேன். சிக்கன் வேகவச்ச தண்ணி, மசூர் பருப்பு, ஆப்பிள் துண்டு, கறிப்பொடி, தேங்காப்பால், கடைசியா மேல ஒரு கரண்டி சோறு. புளியே கிடையாதாம்! எனக்கு நிஜமாவே நெஞ்சு ஒரு மாதிரி ஆயிருச்சு. கோவம்லாம் இல்ல, ஊர்ல நாம விட்டுட்டு வந்த புள்ள எங்கயோ வேற பாஷை பேசி வளர்ந்து நிக்கிறத பாத்த மாதிரி.

நம்ம மிளகுத்தண்ணிதான் வெள்ளைக்காரங்க வாயில முல்லிகாடானி ஆச்சு. அந்தக் காலத்து மெட்ராஸ் வெள்ளைக்காரங்களுக்கு இது மேல அவ்ளோ ஆசை, அவங்களுக்கே "மல்"னு பட்டப்பேர் விழுந்துருச்சு, முல்லிகாடானியோட முதல் துண்டு. பம்பாய்ல இருந்தவங்களுக்கு "டக்". இங்க பொம்பில் மீனைத்தான அவங்க பாம்பே டக்னு சொன்னாங்க, வெர்சோவா பக்கம் போனா இப்பவும் மூங்கில் கட்டி வரிசையா காயப்போட்ருப்பாங்க, அதுலேர்ந்து வந்த பேர். இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரங்க பேச்சுல கலந்த சொல்லுங்களுக்குன்னே 1886-ல வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில ரெண்டுமே இருக்கு. மாவ்ஷிகிட்ட இத சொன்னேன், நான் ரசத்துலேர்ந்து வந்தவ நீங்க பொம்பில்லேர்ந்து வந்தவங்கன்னு, அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

மிளகு விஷயத்துக்கே வர்றேன், எனக்கு இதுல சொல்லி தீராது. மிளகாய்ங்கிற பேரை ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிங்க. மிளகு, காய். மிளகு மாதிரி உறைக்கிற காய். மிளகாய் நம்ம ஊர் செடியே இல்ல, அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்தது, 1498-ல வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்ததுக்கு அப்புறம் தான். அதுக்கு முன்னாடி நம்ம அடுப்புல காரம்னா பெரும்பாலும் மிளகு, திப்பிலி, இஞ்சி இதுங்கதான். புதுசா ஒண்ணு வந்ததும் நம்மாளுங்க கையில இருந்த பேரையே தூக்கி அதுக்கு வச்சுட்டாங்க. மாவ்ஷி சொல்லித்தான் எனக்கு இன்னொண்ணு உறைச்சுது, மராத்தியில மிளகு மிரி, மிளகாய் மிர்ச்சி! அதே வேலை, அதே மாதிரி. கொலம்பசும் 1492-ல மிளகு தேடிப் போயி மிளகாயப் பாத்துட்டு மிளகோட பேரையே அதுக்கும் வச்சாரு, அதனாலதான் இங்கிலீஷ்ல ரெண்டுமே இன்னைக்கும் பெப்பர்.

அந்த பெப்பர்ங்கற பேர் இருக்கே, அது மிளகோடதே இல்ல. வடமொழில பிப்பலி, அது கிரேக்கம் லத்தீன்னு சுத்தி பெப்பர் ஆச்சு. பிப்பலின்னா திப்பிலி! நான் அன்னைக்கு இடிச்சுப் போட்ட அதே திப்பிலி. திப்பிலி பேர மிளகு எடுத்துக்கிச்சு, மிளகு பேர மிளகாய் எடுத்துக்கிச்சு. கடைசியில திப்பிலிய இப்ப யாருக்குமே தெரியல, சளி புடிச்சாதான் ஞாபகம் வருது, எனக்கு அது ஆறவே மாட்டேங்குது.

கறியும் இப்படித்தான். எங்க திருநெல்வேலி பக்கம் கறின்னா ஆட்டுக்கறி, இங்க எங்க மாடி வீட்டு மாமி வாழைக்காயை வதக்கிட்டு அதையும் கறிம்பாங்க, போர்ச்சுகீசியர் காரில்னு கொண்டுபோயி உலகம் பூரா கர்ரி ஆச்சு. பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்துல வந்து இறங்குற சரக்குல "கருங்கறி மூடை"ன்னு வரும், அங்க கறின்னா மிளகுதான். எங்க சுத்தினாலும் மிளகுகிட்டயே வந்து நிக்குது.

பம்பாய்க்கு வந்த புதுசுல காய்கறிக்காரர்கிட்ட ஹிந்தி தெரியும்ங்கற தைரியத்துல ஆலு, அதான் உருளைக்கிழங்கு, கேட்டேன், அவரு பட்டாட்டாவான்னு திருப்பிக் கேட்டாரு. அதுவும் போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போனது, கரீபியன் தீவுல சர்க்கரைவள்ளிக்கு இருந்த பேராம். கோவாக்காரங்க வைக்கிற விந்தாலூ குழம்புல ஆலுவே கிடையாது, அது வைனும் பூண்டும்னு அர்த்தம் வர்ற போர்ச்சுகீசிய பேரு, கடைசில வர்ற ஆலூவ நம்பி உருளைக்கிழங்கு போடுற ஓட்டல்கள பாத்தா வருத்தமா இருக்கும். வடாபாவ்ல வர்ற பாவ் ரொட்டி கால் கால் துண்டா இருக்கறதால பாவ்னு, அதாவது கால் பங்குன்னு, சொல்றாங்கன்னு இங்க பலபேர் சொல்லுவாங்க, அப்படி இல்ல, போர்ச்சுகீசிய மொழியில ரொட்டிக்கே அதான் பேரு. யாழ்ப்பாணத்துக்காரங்க இன்னைக்கும் ரொட்டிய பாண்னு தான் சொல்றாங்க, அதே சொல்லு. வடாபாவ் திங்கும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணம் ஞாபகம் வருது, நான் அங்க போனதே இல்ல.

மாவ்ஷிக்கு ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்தேன், ஊதி ஊதி குடிச்சுட்டு இந்த நீளமா இருக்கறது என்னன்னு திப்பிலிய கையில எடுத்துப் பாத்தாங்க. மோந்துட்டு, "அரே, ஹீ தர் பிம்ப்ளி!"ன்னாங்க, திப்பிலிக்கு மராத்தியில அதான் பேரு. அவங்க அம்மா பிரசவத்துக்கு அப்புறம் தேன்ல குழைச்சு குடுப்பாங்களாம், முப்பது வருஷமா கண்ணுல பாக்கலயாம். ஒரு கைப்பிடி பொட்டலம் கட்டிக் குடுத்தேன். நேத்து அவங்க வீட்டுக்குப் போனப்போ கிச்சன் அலமாரியில சின்ன டப்பா ஒண்ணு, பிம்ப்ளின்னு மராத்தியில எழுதி ஒட்டி, மிரிக்கும் மிர்ச்சிக்கும் நடுவுல வச்சிருந்தாங்க.