வேலி இலந்தையில் முள் முளைத்த பூச்சி

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் மல்லாட்டைக் கொல்லையின் வேலியில் ஒரு இலந்தை நிற்கிறது. ஆவணி மழைக்குப் பிறகு அதில்தான் இந்தப் பூச்சியைப் பார்த்தேன். அரிசி அளவு உடம்பு, கண்ணாடி போல இறக்கை, முதுகிலிருந்து பின்பக்கம் வளைந்து நீளும் ஒரு முள். சித்தப்பா பார்த்துவிட்டு, “கொல்லைக்குள்ள எறங்கறதுக்குள்ள மருந்து அடிச்சிடலாமா?” என்றார். பெயர்கூடத் தெரியாத ஒன்றின் மேல் மருந்தடிக்க எனக்கு மனசு வரவில்லை.

முள்ளைப் பார்த்தால் யாருக்கும் ட்ரீஹாப்பர் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி என்றுதான் தோன்றும். செல்போனில் மேக்ரோ லென்ஸ் மாட்டிப் பக்கவாட்டில் படம் எடுத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. ட்ரீஹாப்பருக்குத் தலைக்குப் பின்னாலேயே இருக்கும் முன்மார்புக் கவசம்தான் முள்ளாக நீளும். இதற்கோ அந்தக் கவசத்துக்கும் பின்னால், இறக்கைகள் தொடங்கும் இடத்திலுள்ள முக்கோணத் தகட்டிலிருந்து முள் கிளம்புகிறது. மேலிருந்து எடுத்த படங்களில் இது பிடிபடவே இல்லை.

அப்புறம் பின்னங்கால். தத்துப்பூச்சி என்றால் நெடுக வரிசையாக முட்கள் இருக்கும். இதற்கு ஓரிரண்டு தடித்த முட்களும் நுனியில் ஒரு கொத்தும்தான். அது, இளம்பூச்சிகள் நுரைக்குள் வாழும் ஸ்பிட்டில்பக் கூட்டத்தின் அடையாளம். ஆனால் செடியில் எங்கேயும் நுரை இல்லை!

பூச்சியியல் படித்த நண்பருக்குப் படங்களை அனுப்பினேன். “குச்சியில குழாய் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கா, பாருங்க” என்றார். இருந்தது. வெளிறிய, கெட்டியான சின்னச் சின்னக் குழாய்கள். இளம்பூச்சி தண்டின் சாற்றை உறிஞ்சி, தான் கழிக்கும் நீரிலேயே மூழ்கியபடி அதற்குள் வாழ்கிறது. நுரைக்குப் பதில் சுண்ணாம்பு வீடு! காலியான குழாய் ஒன்றில் வினிகர் விட்டேன், பொங்கியது. எவ்வளவு அழகான ஏற்பாடு என்று அன்று முழுக்க அதே நினைப்பு.

மெக்கரோட்டிடே குடும்பம், மெக்கரோட்டா பேரினம் என்று நண்பர் உறுதி செய்தார். இனப் பெயர் வேண்டுமானால் ஆண் பூச்சியை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமாம். அதற்காக ஒன்றைக் கொல்ல விருப்பமில்லை, பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மரத்திலும் புதரிலும் வாழும் கூட்டம் இது. மல்லாட்டைச் செடிகளையும் புரட்டிப் பார்த்தேன், ஒரு குழாய்கூட இல்லை. சித்தப்பாவும் சரி என்று மருந்தை விட்டுவிட்டார். வேலியைக் கழிக்கும்போது குழாய் ஒட்டிய கிளைகளை வெட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.