சுவரில் தொங்கிய குழல்

காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். போனில் ஒரு பழைய குழலிசை. மொத்தமே ஒன்றேகால் நிமிடம். பால் சூடாவதற்குள் முடிந்துவிட்டது.

ஆங்கில இசையமைப்பாளர் ஆண்டனி ஹோல்போர்ன் 1599இல் அச்சிட்ட 'தி ஃபேரி ரவுண்ட்'. துள்ளிக் குதிக்கும் மெட்டு. வாசித்தது டேவிட் மன்ரோவும் அவருடைய லண்டன் குழுவும்.

மன்ரோ கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தவர். அங்கே ஒரு நண்பரின் சுவரில் வளைந்த குழல் ஒன்று தொங்கியதைப் பார்த்தார்.

கிரம்ஹார்ன் என்ற பழைய ஐரோப்பியக் குழல். கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கும். நம் நாதஸ்வரம் போல அதற்கும் சீவாளி உண்டு. ஆனால் அது ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும், உதடு படவே படாது. அதனால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அதிகம் வழியில்லை. வண்டு ரீங்காரம்தான். (எனக்குப் பிடிக்கிறது. வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்கவில்லை.)

அங்கிருந்து பிடித்த பைத்தியம். 1967இல் அந்த லண்டன் குழுவைத் தொடங்கினார். அப்புறம் பிபிசி வானொலியில் சிறுவர்களுக்காக 655 நிகழ்ச்சிகள்.

சுவரில் மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு ஒரு ஆள் மூச்சுக் கொடுத்தால் போதும் போல.

1976இல் இறந்துபோனார். வயது 33.

அடுத்த ஆண்டு நாசாவின் வாயேஜர் விண்கலங்களில் தங்க முலாம் பூசிய இசைத்தட்டை வைத்து அனுப்பினார்கள். இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் குரல் இருக்கிறதே, அதே தட்டுதான். அதில் இந்த ஒன்றேகால் நிமிடமும் இருக்கிறது. வாயேஜர் 1 இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால்.

இரண்டாம் முறை போட்டேன்.

பால் பொங்கி வழிந்துவிட்டது.