ரசீதுப் புத்தகத்தோடு ஒரு கோடை

மே 5, 2025, மதுரை

எங்கள் கல்லூரியின் நான்கு வாரக் கோடைக்காலப் படிப்பு இன்று தொடங்கியது. பாடம் தொண்டு நிறுவன நிர்வாகம். காலையில் வகுப்பு, பிற்பகலில் களப்பயிற்சி. பேராசிரியர் பச்சையப்ப முதலியாரிடமிருந்து ஆரம்பித்தார். 1794-இல் மறைந்த அவர் கோயில் அறங்களுக்கென எழுதிவைத்த சொத்து நெடுங்காலம் வழக்கில் கிடந்து, அதில் மிஞ்சிய தொகை நீதிமன்ற ஏற்பாட்டால் கல்விக்குத் திரும்பி, சென்னையில் அவர் பெயரால் பள்ளி திறக்க 1842 ஆகிவிட்டது. கொடுத்தவர் ஒருவர், கொடுத்ததைக் கொண்டுசேர்த்தவர்கள் வேறு சிலர் என்பதை இதுவரை நான் யோசித்ததே இல்லை.

மே 7

மாலைநேர வகுப்புகள் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளையில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரலாம் என்று ஆசையோடு போனேன். கையில் கொடுத்தது ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளையும் ஒரு தொலைபேசியையும். சென்ற நிதியாண்டில் நன்கொடை அளித்தவர்களின் விவரங்களை 10பிடி என்ற படிவத்தில் மே 31-க்குள் வருமான வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அனுப்பினால்தான் நன்கொடையாளருக்கு 80ஜி என்ற வருமான வரிச் சலுகைக்கான சான்றிதழ் கிடைக்கும். ஆகவே ஒவ்வொருவரையும் அழைத்து பான் எண் கேட்பதே என் வேலை. மோசடி அழைப்பு என்று நினைத்து இருவர் திட்டிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கினார், வகுப்பு இல்லை. வழிநெடுக நீர்மோரும் பானகமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக் குடித்த எவரையும் பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பாடத்தின்படி இவை அமைப்பு சாராத கொடை. ஆனால் அழகர் தங்கிச் செல்லும் ஒவ்வொரு மண்டகப்படிக்கும் பின்னால் முறை, உரிமை, வசூல், செலவுக் கணக்கு எல்லாம் இருக்கின்றன என்று அப்பா சொன்னார்; எங்கள் தெருவின் நீர்மோர்ப் பந்தலுக்கும் ஒரு நோட்டு இருப்பது இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மே 16

அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிய வகுப்பு. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு, 1976-இல் 11 படுக்கைகளுடன் இதே ஊரில் தொடங்கியது அது. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயே இலவசச் சிகிச்சைக்கும் குறைந்த கட்டணச் சிகிச்சைக்கும் தாங்கலாக நிற்கிறது. கண்புரை அறுவையில் பொருத்தும் உள்விழி லென்ஸின் இறக்குமதி விலை எட்டாததாக இருந்ததால், 1992-இல் ஆரோலேப் என்ற சொந்த உற்பத்தி நிலையத்தையே அமைத்துக்கொண்டார்கள். நன்கொடையாளரின் மனநிலையைச் சார்ந்திராத தொண்டு என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் கட்டணம் கொடுக்கக்கூடியவர் யார்?

மே 22

அறக்கட்டளையின் கணக்குகளைப் பார்க்கும் அக்காவின் சம்பளத்தைத் தற்செயலாகப் பேரேட்டில் பார்த்தேன். அந்தத் தொகையை இங்கே எழுத மனம் வரவில்லை. காலையில்தான் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தைப் படித்திருந்தோம்: வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத உச்சவரம்பை 2020-ஆம் ஆண்டின் திருத்தம் 20 சதவீதமாகக் குறைத்துவிட்டது. கொடுத்த பணம் சம்பளமாகப் போகக் கூடாது என்று நினைப்பவர்களில் நேற்றுவரை நானும் ஒருத்தி. இந்த அக்கா இல்லாவிட்டால் அந்த ரசீதுகளை யார் எழுதுவார்கள் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

மே 29

படிவம் போய்விட்டது. கடைசியாக மிஞ்சியவர் 500 ரூபாய் கொடுத்த ஒரு பூக்கடைப் பாட்டி. அவருக்குப் பான் எண் கிடையாது. ரேஷன் அட்டை எண்ணும் செல்லும் என்று அக்கா சொன்னதால் நேரிலேயே போனேன். பாட்டி அட்டையை எடுத்துத் தந்துவிட்டு, “சர்டிபிகேட்டெல்லாம் எனக்கு எதுக்கும்மா?” என்றார். கூடவே ஒரு முழம் மல்லிகையும் கொடுத்தார். அதற்கு ரசீது போடவில்லை.